கூரையிலிருந்து எடுத்த எழுபது தொன்

கையால் போட்ட கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. கண்ணகைக்கு முதலில் உறைத்தது அதுதான்.

மேசையில் இரண்டு கோவைகள் கிடந்தன. ஒன்று கம்பியூட்டர் துப்பிய தாள்கள், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதம், மடிப்பு மடிப்பாக. மற்றது நல்லரத்தினம் எஞ்சினியரின் கையெழுத்தில், நீல மையில், 'சுயாதீன சரிபார்ப்பு' என்று தலைப்பிட்டு அடியில் இரண்டு கோடும் போட்டது. தேற்றாத்தீவில் கட்டப்போகும் இரண்டு மாடிப் பிரசவ விடுதியின் கூரையைத் தாங்கும் நடுப் பீமில் எவ்வளவு வளைவிசை வரும்? கம்பியூட்டர் சொன்னது 88.214. நல்லரத்தினம் கையால் போட்டுக் கண்டதும் 88.214. பக்கத்துப் பீமில் கம்பியூட்டருக்கு 61.907. அவருக்கும் 61.907.

பேராதனையில் நாலு வருஷம் இந்தக் கணக்கைப் போட்டே விரலில் காய் காய்த்தவள் அவள். கையால் போடுகிறவர், தூண்கள் பாரத்தில் ஒரு மயிரிழையும் குறுகாது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். கம்பியூட்டர் அந்த மயிரிழையையும் விடாது. ஆகவே இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ விலகும். விலகினால்தான் சரி. மூன்றாம் தசமம் வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளை பக்கத்து வாங்கில் எட்டிப் பார்த்து எழுதினால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். எஞ்சினியர் எழுதினால் கோவையில் போட்டு நாடா கட்டுவார்கள்.

"என்ன புள்ள, பாத்து முடிஞ்சுதா?" நல்லரத்தினம் கதவடியில் நின்றார். ஐம்பது வயது, நறுக்கிய மீசை. கதைக்க முதல் யன்னலால் தெருவை ஒருக்கால் பார்க்கும் பழக்கம் அவருக்கு.

"பாக்கிறன் சேர்."

"பாக்க என்ன கிடக்கு? ரெண்டும் ஒண்டுதானே."

"அதத்தான் சேர் பாக்கிறன்."

அவர் மறுபடியும் தெருவைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கொழும்புக்கு அனுப்போணும். உன்ட கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, தை மாதம். மட்டக்களப்பு நகரில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் கட்டிடப் பிரிவில் கண்ணகை வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமை. அந்த நிறுவனத்துக்கு ஒரு சட்டம் இருந்தது: கம்பியூட்டரில் மாதிரி செய்த கட்டிடத்தை, மாதிரி செய்யாத இன்னொரு எஞ்சினியர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரி என்று கையெழுத்து வைக்க வேண்டும். மாதிரி செய்த நல்லரத்தினமே கைக்கணக்கையும் போட்டு வைத்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் அவளைத் தேடியிருந்தார். பழுகாமத்தில் வயல் வட்டையில் கூலிக்கு வரம்பு கட்டும் வினாயகமூர்த்தியின் மகள். அந்த வீட்டில் அவளுக்கு முன் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை. பெரிய மனிதர் எழுதியதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று அவர் நினைத்திருக்கலாம். பெரிய மனிதர் எழுதியதை வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து ஏமாந்தவர்களின் வீட்டில் பிறந்தவள், எழுத்தைக் கண்டாலே முதலில் சந்தேகப்படுவாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

கையெழுத்து வைக்காமல் இருக்கவும் அவளால் முடியாது. அவளுடைய அக்கா பவளராணி தேற்றாத்தீவில் வாழ்க்கைப்பட்டவள். போன வருஷம் ஆவணியில் வலி எடுத்து, பெரியாஸ்பத்திரிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது சோதனைச் சாவடியில், எல்லாரையும் இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்த நேரத்தில், பிள்ளை பிறந்தது. அதற்குப் பெயர் வைக்கவும் நேரம் இருக்கவில்லை. விடுதி வந்தே ஆக வேண்டும். ஆனால் வந்த விடுதி, படுத்திருக்கும் பெண்களின் தலையில் இறங்கவும் கூடாது.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. தை பிறந்தும் மாரி போகவில்லை. அவர்கள் வேலை செய்த கந்தோருக்கும் தட்டையான கொங்கிறீற் கூரைதான். மூன்று மணிக்கெல்லாம் ஒழுகத் தொடங்கி, தண்ணீர் கம்பியூட்டர் மேசைக்கு நேரே சொட்டியது. எல்லாரும் கம்பியூட்டருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணகை சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மேலே ஒரு குளமே கட்டியிருந்தது, முழங்காலுக்குக் கிட்ட. தண்ணீர் போகும் இரண்டு ஓட்டைகளில் ஒன்றில் வேப்பஞ்சருகு. மற்றதற்குள் கையை விட்டு அவள் இழுத்தபோது ஒரு பொலித்தீன் பை வந்தது. தண்ணீர் சுழித்து இறங்கியது.

கீழே வந்ததும் கிளார்க் கைகொட்டினார். "எஞ்சினியர் வேலை படிச்ச புள்ள வாய்க்கால் துப்பரவாக்குது!"

"நீங்க குடை பிடிக்கப் படிச்சீங்களா அண்ணன்?" என்று கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

அடுத்த நாள் அவளுடைய சந்தேகம் புரோகிராமின் மேல் விழுந்தது. கொழும்பில் எங்கோ ஒரு கடையில், பூட்டை உடைத்து டிஸ்கெட்டில் பிரதி பண்ணி விற்ற புரோகிராம் அது. பூட்டை உடைத்தவன் உள்ளே எதை உடைத்தான் என்று யாருக்குத் தெரியும்? அது பிழையான விடை சொல்வது தெரிந்துதான், அதை மறைக்க, நல்லரத்தினம் அதே விடையைக் கையால் எழுதி வைத்தாரோ?

மின்சாரம் வருவது பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான். அவர் வெளியே போயிருந்தார். கண்ணகை விடை தெரிந்த கணக்குகளை அதனிடம் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு முனையிலும் தாங்கிய ஒரு பீம், நடுவில் ஒரு பாரம்: முதலாம் வருஷப் பிள்ளைக்கும் விடை தெரியும். அதற்கும் தெரிந்திருந்தது. மூன்று தூணில் நீண்டு கிடக்கும் பீம்: சரி. கடைசிப் பரீட்சையில் வந்த, அவள் ஒன்றே கால் மணித்தியாலம் மல்லுக்கட்டிய சட்டகம்: கண்மூடித் திறக்கும் முன் விடை வந்தது, அதுவும் சரி. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

புரோகிராம் குற்றமற்றது. கொடுத்ததைக் கொடுத்தபடி கணக்கிடுகிறது. அப்படியென்றால் கொடுத்தவரைத்தான் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. கோப்புகளின் பட்டியலைத் திறந்தாள். விடுதியின் மாதிரி ஒன்றல்ல, இரண்டு கிடந்தன. ஒன்று மார்கழி இருபதாம் திகதி. கொழும்புக்குப் போக இருந்தது அதுதான். மற்றது ஐப்பசி மாதத்துப் பழசு. இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டாள். அதே பன்னிரண்டு தூண். அதே பதினெட்டு மீற்றர் நீளம், ஒன்பது மீற்றர் அகலம். அதே சுவர்ப் பாரம், அதே கட்டில் பாரம். ஒரே ஒரு வரி மட்டும் மாறியிருந்தது. கூரையில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் வரக்கூடிய பாரம்: ஐப்பசியில் 5.0 கிலோநியூட்டன். மார்கழியில் 0.75.

தாளின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தாள். நூற்றறுபத்திரண்டு சதுர மீற்றர், ஒவ்வொன்றிலும் நாலேகால் கிலோநியூட்டன், பத்துக்கு ஒரு தொன். எழுபது தொன். ஏழு லொறிப் பாரத்தை ஒருவர் கதிரையில் இருந்துகொண்டே ஒரு விரலால் கூரையிலிருந்து இறக்கியிருக்கிறார்.

மின்சாரம் போனது. திரை கறுத்தது. அதில் தெரிந்த தன் முகத்தை அவள் கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

பாரம் குறைந்தால் கம்பி குறையும். கம்பி குறைந்தால் யாருக்கு இலாபம்? இந்தக் கேள்விக்கு விடை தேட அவள் பேராதனைக்குப் போயிருக்கத் தேவையில்லை. ஒப்பந்தக்காரர் காத்தான்குடிக் கச்சி முகம்மது. அவருடைய மோட்டார்சைக்கிள் கந்தோர் வாசலில் நிற்பதை இந்த மூன்று கிழமையில் ஐந்து தரம் கண்டிருக்கிறாள். நல்லரத்தினமும் அவரும் குசுகுசுத்ததையும் கண்டிருக்கிறாள். அவள் தங்கியிருந்த ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதான் எல்லை. தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு அந்தத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. பஸ் அந்த ஊருக்குள்ளால் போகும்போது இவர்களும், இந்த ஊருக்குள்ளால் போகும்போது அவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெயரைக் கேட்டதும் கள்ளன் என்று முடிவுகட்ட ஆதாரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கண்ணகையும் முடிவுகட்டினாள்.

புதன்கிழமை தேற்றாத்தீவுக்கு பஸ் ஏறினாள். வழியில் சாவடியில் எல்லாரும் இறங்கினார்கள். அவளுடைய பையில் கிடந்த நீளக் காகிதத்தை ஒரு ஆமிக்காரன் உருவி எடுத்தான். அவளைவிட இளையவன்.

"நங்கி, மே மொனவாத?" இது என்ன?

"கணக்கு."

"என்ன கணக்கு? இது எங்க? இது என்ன நம்பர்?" காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். தூண்களின் படத்தை விரலால் தொட்டான். "இது காம்ப்?"

"பிரசவ விடுதி. பிள்ளை பெறுற இடம்." வயிற்றில் கை வைத்துக் காட்டினாள்.

அவன் அவளுடைய வயிற்றையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, வெட்கப்பட்டுக் காகிதத்தை மடிக்காமலே திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு மேலே, இரண்டு மாடிக் கடையொன்றின் தட்டைக் கூரையில், மூன்று பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, நடுவில் ஒரு துவக்கு எட்டிப் பார்த்தது. எட்டு வருஷமாக அவள் காணும் காட்சி. அன்றைக்கும் கண்டாள், யோசிக்கவில்லை.

கட்டிட வளவில் அத்திவாரக் கிடங்குகள் வெட்டிக் கிடந்தன. கச்சி முகம்மது தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு வந்தார். நாற்பது வயது, குள்ளம், சிரிக்கும்போது ஒரு பல் இல்லை.

"வாங்க மிஸ். சொல்லி அனுப்பியிருந்தா கதிர ஒண்டாவது போட்டு வெச்சிருப்பனே."

"இருக்க வரல்ல நானா. ஒரு கேள்வி. கூரைப் பீமுக்கு என்ன கம்பி?"

"பதினாறு மில்லி."

"முதல் வந்த பிளான்ல?"

அவர் விசிறுவதை நிறுத்தினார். "இருபது."

"இருபது எப்படிப் பதினாறாச்சு? மிச்சக் கம்பி எங்க போகுது?"

சுற்றி நின்ற கூலிக்காரர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். கச்சி முகம்மதுவின் முகம் ஒருக்கால் சிவந்தது, பிறகு சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை.

"அப்ப, நான் கம்பி திண்டுபோட்டன் எண்டு கேக்க வந்திரிக்கீங்க. மிஸ், கம்பி உங்கட கந்தோர் லொறியிலதான் வருகுது. பெர்மிட்டுல இத்தனை எண்டு எழுதி, ஒவ்வொரு சென்றியிலயும் எண்ணி எண்ணி விடுறானுகள். ஒரு கம்பி கூடினாலும் கேள்வி, குறைஞ்சாலும் கேள்வி. பதினாறு மில்லிக் கம்பி ஒண்டை உங்கட பஸ்ஸில வெச்சுக்கிட்டு அந்தச் சென்றியைத் தாண்டிக் காட்டுங்க, நான் காத்தான்குடிச் சந்தியில வெச்சு உங்களுக்குப் பிரியாணி தாறன்."

கூலிக்காரர்களில் ஒருவன் சிரித்தான். கண்ணகைக்குக் காது சுட்டது. அவர் சொன்னது சரி. பெர்மிட் இல்லாமல் ஒரு கொத்துச் சீமெந்துகூட அசையாத நாட்டில் கம்பியை எங்கே கொண்டுபோய் விற்பது?

"அப்ப ஏன் குறைஞ்சது?"

"அத உங்கட பெரியவரிட்டக் கேளுங்க. அஞ்சு தரம் போய்க் கேட்டன், இருபது மில்லிய ஏன் மாத்தினீங்க எண்டு. ஒழுங்காப் பதில் சொல்லாம யன்னலைப் பாக்கிறார்." குரலைத் தாழ்த்தினார். "நான் பதினெட்டு வருஷமா கொங்கிறீற் பிளேட் அடிக்கிறன் மிஸ். ஒரு ஊர்ல, பேர் வேணாம், ரெண்டு மாடிக் கட ஒண்டு கட்டிக் குடுத்தன். ஆறு மாசம் போகல்ல. மேல ஏறினாங்க, மூட்ட அடுக்கினாங்க. மாரி வந்திச்சு. நனைஞ்ச மணல் என்ன பாரமெண்டு உங்களுக்குத் தெரியும். பீமில வெடிப்பு, இந்தா, விரல் போகும். அவங்க இறங்கிப் போயிட்டாங்க. மூட்ட இன்னும் மேலதான் இரிக்கி."

"யார் ஏறினது?"

"பிளேட்டுக்கு யாரெண்டு தெரியாது மிஸ். பாரம்தான் தெரியும்." அத்திவாரக் கிடங்குக்கு மேலே, இன்னும் இல்லாத கூரையைப் பார்ப்பவர்போல அண்ணாந்தார். "சுத்திப் பாருங்க. இந்தப் பக்கம் பூரா ஓட்டு வீடு, கிடுகு வீடு. இதுதான் முதல் ரெண்டு மாடி. மேல நிண்டா இங்கால றோட்டுத் தெரியும், அங்கால வாவி தெரியும். யார் வந்தாலும் முதல்ல எங்க ஏறுவாங்க?"

சாவடியில் காலையில் கண்ட கூரை அப்போதுதான் கண்ணகையின் மண்டைக்குள் இறங்கியது. 5.0. மனிதர் ஏறி நிற்க இரண்டு போதும். நூல்களில் வைத்தியசாலைக் கூரைக்கு ஐந்து என்று ஒரு எண் எங்கும் கிடையாது. அது மணல் மூட்டையின் எண்.

கந்தோருக்கு வந்ததும் நல்லரத்தினத்தின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். இரண்டு கோப்புகளின் அச்சுத்தாளையும் மேசையில் போட்டாள்.

"மணல் மூட்டைய ஏன் சேர் எடுத்தீங்க?"

அவர் யன்னலைப் பார்த்தார். எழும்பி யன்னலைச் சாத்தினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

முதலாவது கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து வந்தது. பிரசவ விடுதியின் கூரையில் மணல் மூட்டைப் பாரம் என்று குறிப்பிட்டிருப்பதன் காரணம் என்ன? போர்த் தேவைக்குப் பயன்படும் எந்தக் கட்டிடத்துக்கும் நிறுவனம் உதவி செய்யாது என்பதை அறிவீர்கள். இரண்டாவதில் கையொப்பம் இல்லை. சதுரக் கொப்பித் தாள், தமிழ். எஞ்சினியர் அவர்கட்கு, தேற்றாத்தீவில் எதிரிக்குக் காவலரண் கட்டிக்கொடுப்பதாக அறிகிறோம்.

"ஒரே கிழமையில ரெண்டும் வந்திச்சு," என்றார் நல்லரத்தினம். "நான் எழுதின தாள கொழும்பில எத்தனை பேர் பாத்தாங்க, இங்க எத்தனை பேர் பாத்தாங்க எண்டு எனக்குத் தெரியா. இந்தக் கந்தோர்லயே யார் காட்டினதெண்டும் தெரியா. எண்ணைக் குறைச்சன். ரெண்டு பக்கமும் வாய மூடிட்டு."

"கையால கணக்குப் போடவே இல்ல."

"போடல்ல புள்ள. அந்தக் கூரை நிக்காதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு எப்படிப் போடுற? பாத்து எழுதினன்."

"என்னை ஏன் எடுத்தீங்க?"

அவர் மீசையைத் தடவினார்.

"சொல்லுங்க சேர். பழுகாமத்துப் பெட்டை, முதல் வேலை, சம்பளத்தைக் கண்டதும் காட்டின இடத்தில கிறுக்கிப்போட்டுப் போயிருவாள் எண்டுதானே?"

"ஓம்," என்றார். இவ்வளவு நேராகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அனுபவம் உள்ளவன் கேள்வி கேப்பான். நீ கேக்க மாட்டாய் எண்டு நினைச்சன்."

"நாளைக்கு அந்தக் கூரை விழுந்தா என்ட கையெழுத்துத்தான் சேர் கீழ கிடக்கும். உங்கட மீசை கிடக்காது."

"சரி. அப்ப மணல் மூட்டை எண்டு எழுதித் தா. வெள்ளிக்கிழமையே அனுப்புறன். சனிக்கிழமை கட்டிடம் இல்லை எண்டு கொழும்பிலயிருந்து பக்ஸ் மெசினில தாள் வரும். கொப்பித் தாள்ல எனக்கும் உனக்கும் இன்னொரு கடிதம் வரும். உன்ட அக்காவுக்கு நடந்தது அடுத்தவளுக்கும் நடக்கும். எழுது."

அக்காவை இழுத்ததற்கு அவர் முகத்தில் ஏதாவது எறிந்திருப்பாள். கைக்கு எட்டியது அச்சுத்தாள் மட்டும்தான். அவரை நம்பலாமா? கொப்பித் தாளை அவரே எழுதியிருந்தால்? எழுத்தை உற்றுப் பார்த்தாள். அவருடைய எழுத்துப்போல இல்லை. யாருடைய எழுத்துப்போலவும் இல்லை. அதுதான் அந்தக் காலத்தின் கையெழுத்து. இந்தக் கட்டிடத்தில் கம்பியூட்டரைத் தவிர வேறு யாரும் உண்மை பேசவில்லை; அதற்கும் பொய்யைத்தான் தீத்தியிருந்தார்கள்.

கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனாள்.

தண்ணீர் வடிந்து கொங்கிறீற் வெயிலில் காய்ந்து கிடந்தது. கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் நாலு திசைக்கும் ஒரே மட்டத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. பாசி. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கீழே ஓடி அளவு நாடாவை எடுத்து வந்தாள். பாசிக் கோடு, கூரைத் தளத்திலிருந்து பதினாலு இஞ்சி. இந்த மாரியில் இந்தக் கூரை பதினாலு இஞ்சித் தண்ணீரைச் சுமந்திருக்கிறது. இரண்டு ஓட்டையை ஒரு பொலித்தீன் பையும் ஒரு பிடி சருகும் அடைத்ததால்.

விடுதியின் படத்தை முழங்காலில் விரித்தாள். அதிலும் சுற்றிவர ஒன்றரை அடிக் கைப்பிடிச் சுவர். அதிலும் இரண்டே இரண்டு ஓட்டை. ஓட்டை அடைபட்டால் தண்ணீர் சுவரின் தலை வரைக்கும் ஏறி, அதற்கு மேல்தான் வழியும். நானூற்றைம்பது மில்லிமீற்றர் தண்ணீர் ஒரு சதுர மீற்றரில் நாலு தசம் நாலு. அதோடு இருந்த முக்காலையும் கூட்டினால் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே.

இவ்வளவு பொருத்தமாக வந்ததும் அவளுக்கு அவளிலேயே சந்தேகம் வந்தது. வேண்டிய விடையை வைத்துக்கொண்டு கணக்கை அதற்கு ஏற்ற மாதிரி வளைக்கிறேனா? நல்லரத்தினம் செய்ததும் அதுதானே? சுவரின் உயரத்தைப் படத்தில் மூன்று இடத்தில் பார்த்தாள். நிறையை இன்னொரு வழியால் போட்டாள். மாறவில்லை. தண்ணீர் உண்மைதான். மணல் மூட்டை இல்லாமலே, போர் நாளைக்கே முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனாலும், மாரி வரும், சருகு விழும், பை அடைக்கும். 0.75 என்ற எண் போர் இல்லாத ஊரிலும் பொய்தான்.

வியாழக்கிழமை காலையில் நல்லரத்தினத்தின் முன்னால் நாடாவை வைத்தாள். "கந்தோர்க் கூரையில பதினாலு இஞ்சி தண்ணி நிண்டிரிக்கு சேர். நீங்களும் ஏறி அளந்து பாருங்க. விடுதியில பதினெட்டு நிக்கலாம். புதுப் பாரம் அஞ்சு தசம் ஒண்டு ஆறு. இருபது மில்லிக் கம்பி."

அவர் தாளை வாசித்தார். இந்த முறை யன்னலைப் பார்க்க மறந்துவிட்டார். "மணல் மூட்டையத் தண்ணி எண்டு எழுதுறாய்."

"இல்ல. தண்ணியத் தண்ணி எண்டு எழுதுறன். மூட்டையப் பத்தி நான் வாயே திறக்கல்ல." எழுதியதில் பொய் இல்லை. எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. அது அவளைக் கடைசிவரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. "தண்ணி எந்தப் பக்கமெண்டு கேட்டு ஒருத்தரும் கடிதம் எழுத ஏலாது."

"சரி. மாதிரிய நான் மாத்துறன். நீ..."

"நில்லுங்க. நீங்க உங்கட அறையில கம்பியூட்டர்ல போடுங்க. நான் என்ட மேசையில கையால போடுறன். ரெண்டு பேரும் முடிக்கும் மட்டும் நீங்க எனக்குக் காட்டவும் கூடாது, நான் உங்களுக்குக் காட்டவும் கூடாது."

"என்ன புள்ள, சோதனையா?"

"ஓம் சேர். சோதனைதான். அதுக்குப் பேர்தான் சுயாதீன சரிபார்ப்பு."

அவள் முடிக்கப் பின்னேரம் நாலு மணி ஆனது. இடையில் இரண்டு இடத்தில் பிழைத்து, தாளைக் கிழித்து, மறுகாப் போட்டாள். நடுப் பீமுக்கு அவளுக்கு வந்தது 179.6. நல்லரத்தினத்தின் தாளில் 176.9.

அவர் இரண்டையும் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார். "மூண்டு விலகுது. கொழும்பில கேப்பாங்க. உன்டதை நூற்றெழுபத்தாறு தசம் ஒன்பது எண்டு திருத்திப் போடு, ஒரு கேள்வியும் வராது."

"கேக்கட்டும் சேர்."

"வீண் தாமதம்."

"இந்த மூண்டு இல்லாட்டி நான் போட்டதெண்டு எப்படித் தெரியும்?"

இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். விலகல் நூற்றுக்கு ஒன்றரை, காரணம் தூண்களின் குறுகல், என்று கீழே ஒரு வரி. புரோகிராமை விடை தெரிந்த மூன்று கணக்குகளால் சோதித்த தாளையும் சேர்த்துக் கட்டினாள். பிறகு வி. கண்ணகை என்று முழுசாகக் கையெழுத்து வைத்தாள். பழைய நீலக் கோவையை நல்லரத்தினத்திடமிருந்து கேட்டு வாங்கித் தன் லாச்சியில் வைத்துப் பூட்டினாள். அவர் ஏனென்று கேட்டார். "கிடக்கட்டும்," என்றாள். இருவரும் சேர்ந்து ஒரு கட்டிடத்தை நிமிர்த்தினார்கள் என்பதற்காக அவரை அவள் நம்பத் தொடங்கிவிடவில்லை.

ஒன்பதாம் நாள் கொழும்பிலிருந்து பக்ஸ் வந்தது. மூன்றே வரி. கூரைப் பாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கம்பியூட்டர் விடையும் கைக்கணக்கு விடையும் ஒத்துப்போகாதது ஏன்? விளக்கம் தருக.

நல்லரத்தினம் தலையில் கை வைத்தார். கண்ணகை அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அந்தக் கந்தோரில் சேர்ந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். மூன்றாம் தசமம் வரைக்கும் ஒத்துப்போன கோவை முன்னமே அங்கு போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிருப்பார்கள். அரைப் பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

மாசி கடைசியில் கம்பி வந்தது. அவள் தேற்றாத்தீவுக்குப் போனபோது கச்சி முகம்மது லொறியடியில் நின்றார். பையிலிருந்து அவள் வேர்ணியரை எடுத்து, கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கம்பியாக விட்டம் அளக்கத் தொடங்கினாள்.

"அல்லாவே! லேபல்ல இருபது எண்டு எழுதித்தானே இரிக்கி மிஸ். இன்னமும் என்னை நம்பல்லையா?"

"அண்டைக்கு உங்களை நான் கேட்டது பிழை நானா. கோவிச்சுக்காதீங்க." கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "ஆனா ஒருத்தரையும் நம்பல்ல. என்னையும்தான். இந்த முனையைப் பிடிங்க."

அவர் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு குனிந்து, கம்பியின் மற்ற முனையைப் பிடித்தார்.